எளிமை யாருக்கு?

2025 நவம்பர் 21ஆம் தேதி, மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒரே நாளில் அமலுக்குக் கொண்டு வந்தது. ஊதியம் பற்றிய தொகுப்பு 2019ல் நிறைவேறியது. தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவை பற்றிய மற்ற மூன்றும் 2020 செப்டம்பரில் பார்லிமெண்டில் நிறைவேற்றப்பட்டன. அப்பொழுது எதிர்க்கட்சிகள் சபையைப் பகிஷ்கரித்து வெளியே இருந்தன. நாடு கொரோனா நோயில் தவித்துக் கொண்டிருந்தது. அப்படிப் பிறந்த சட்டங்கள், ஐந்து வருஷம் பெட்டிக்குள் கிடந்துவிட்டு, இப்பொழுது 29 பழைய சட்டங்களின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

பெருமுதலாளிகளின் சங்கங்கள் இவற்றை வாயார வரவேற்றன. சர்க்கார் சொல்லும் காரணம் ஒரே வார்த்தையில் அடங்கும்: எளிமை. இருபத்தொன்பது சட்டங்கள் நான்காகிவிட்டன, பல லைசென்சுகள் ஒன்றாகிவிட்டன, பதிவேடுகள் குறைந்துவிட்டன, இனி இந்த நாட்டில் தொழில் நடத்துவது எளிது என்கிறார்கள்.

சட்டங்களின் எண்ணிக்கை குறைவதை எந்தத் தொழிலாளியும் எதிர்க்கவில்லை. எளிமை என்ற பெயரில் எதை எடுத்தார்கள், யாரிடமிருந்து எடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. புத்தகத்தைத் திறந்து, ஷரத்து ஷரத்தாகப் படித்துப் பார்ப்போம்.

100 எப்படி 300 ஆயிற்று?

ஒரு ஆலையை மூடவோ, ஆட்குறைப்புச் செய்யவோ, லே-ஆப் கொடுக்கவோ முதலாளி முன்கூட்டியே சர்க்காரின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற விதி 1976ல் வந்தது. அன்று அது 300 தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கு மட்டுமே பொருந்தியது. தொழிற்சங்க இயக்கத்தின் நிர்ப்பந்தத்தால் 1982ல் சட்டம் திருத்தப்பட்டு, 300 என்பது 100 ஆகக் குறைக்கப்பட்டது. இப்பொழுது தொழில் உறவுத் தொகுப்பு அதை மீண்டும் 300 ஆக்கிவிட்டது. முன்னேற்றம் என்று இவர்கள் பறைசாற்றுவது, நாற்பது வருஷத்துக்கு முன் நாம் தாண்டி வந்த இடத்துக்கே நம்மைத் திருப்பி அனுப்புவதாகும்.

அதோடும் நிற்கவில்லை. 300 அல்லது சர்க்கார் அறிவிக்கும் 'அதைவிட அதிகமான எண்ணிக்கை' என்று ஷரத்தில் எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு 500 என்றோ 1,000 என்றோ ஆக்குவதற்குப் பார்லிமெண்டுக்குப் போக வேண்டியதில்லை. கெஜட்டில் ஓர் அறிவிப்புப் போதும்.

இந்த நாட்டில் பதிவான தொழிற்சாலைகளில் மிகப் பெரும்பாலானவை 300க்கும் குறைவான தொழிலாளரைக் கொண்டவை. 299 பேர் வேலை செய்யும் ஆலையின் முதலாளி இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நோட்டீசும் நஷ்டஈடும் கொடுத்துவிட்டு வாசலைப் பூட்டலாம்.

நிலையாணைகளின் கதியும் இதுதான். வேலை நேரம், லீவு, விசாரணை, தண்டனை ஆகியவற்றை எழுத்தில் வரையறுக்க வேண்டும் என்ற கடமை 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 தொழிலாளர் உள்ள ஸ்தாபனங்களுக்கு இருந்தது. அதுவும் 300 ஆகிவிட்டது. காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் 20 பேருக்குப் பொருந்தியது. இனி 50 பேர் வேண்டும். 'தொழிற்சாலை' என்ற சொல்லின் இலக்கணமே மாறிவிட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்விசையோடு 10 பேர், மின்விசையில்லாமல் 20 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. இனி 20 பேரும் 40 பேரும் இருக்க வேண்டும். பதினைந்து பேர் மிஷின் ஓட்டும் பட்டறையில் எதுவுமே மாறவில்லை. அதே மிஷின், அதே ஆபத்து. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது தொழிற்சாலையாகத் தெரியவில்லை!

புதிதாகத் தொடங்கும் தொழிற்சாலைகளுக்கு, பொருளாதார நடவடிக்கையும் வேலைவாய்ப்பும் பெருகும் என்று சொல்லி, பாதுகாப்புத் தொகுப்பின் ஷரத்துகளிலிருந்து விலக்கு அளிக்கவும் சர்க்காருக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. புதிய ஆலையின் இயந்திரம் கையை நசுக்காது என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

வேலைநிறுத்த உரிமைக்குப் பூட்டு

தொழிலாளியிடம் பணமில்லை, பத்திரிகையில்லை, போலீஸ் இல்லை. அவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று: எல்லோரும் சேர்ந்து வேலையை நிறுத்தும் சக்தி. இந்தச் சட்டம் கை வைத்திருப்பது அங்கேதான்.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில், முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் வேலைநிறுத்தம் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் ரயில்வே, தண்ணீர், மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளுக்கே இருந்தது. இப்பொழுது எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் நோட்டீஸ் கட்டாயம். பொத்தான் தைக்கும் கம்பெனியும் தண்ணீர் சப்ளையும் ஒன்றாகிவிட்டன.

நோட்டீஸ் கொடுத்தால் என்ன நடக்கும்? சமரச அதிகாரி பேச்சு வார்த்தையைத் தொடங்குவார். அவர் முதல் கூட்டத்தைக் கூட்டிய நாளிலிருந்து, பேச்சு முடிந்து ஏழு நாள் ஆகும் வரை வேலைநிறுத்தம் கூடாது. சமரசம் தோற்றால், எந்தத் தரப்பும் நேராக டிரிபியூனலுக்குப் போகலாம். முன்பு தகராறை டிரிபியூனலுக்கு அனுப்பும் வேலை பெரும்பாலும் சர்க்காருடையது; இனி முதலாளியே மனுப் போடலாம். வழக்கு அங்கே நிலுவையில் இருக்கும் காலம் முழுவதும், தீர்ப்புக்குப் பின் 60 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. டிரிபியூனல் வழக்குகள் எத்தனை வருஷம் நடக்கும் என்பது கோர்ட்டு வாசலில் செருப்புத் தேய்ந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதைப் பிரயோகிக்க நாள்தான் கிடைக்காது.

வேலைநிறுத்தம் வேண்டாம், எல்லோரும் லீவு போட்டு எதிர்ப்பைக் காட்டுவோம் என்றால், அதற்கும் பூட்டு. ஒரே நாளில் பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால், அதுவும் வேலைநிறுத்தம் என்று சட்டம் எழுதிவிட்டது.

தண்டனையைப் பாருங்கள். பழைய சட்டப்படி, சட்டவிரோத வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் போகாது. இப்பொழுது குறைந்தது 1,000, கூடினால் 10,000. ஒரு மாதச் சிறை அப்படியே நீடிக்கிறது. வேலைநிறுத்தத்தைத் தூண்டியவர் என்று சொல்லப்படும் யூனியன் ஊழியருக்கு 10,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது சிறை, அல்லது இரண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்குப் பத்தாயிரம் ரூபாய் என்றால் வீட்டு வாடகை, அரிசி, பிள்ளையின் பள்ளிச் சம்பளம் எல்லாம் போயிற்று என்று பொருள்.

சட்டவிரோதக் கதவடைப்புக்கு முதலாளிக்கும் தண்டனை உண்டே என்பார்கள். உண்டு: 50,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது ஒரு மாதச் சிறை. ஆனால் ஒரு லட்சம் என்பது பல கோடி லாபம் பார்க்கும் கம்பெனிக்கு எந்த மூலைக்கு? சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தையும் உச்சபட்ச அபராதத்தில் 75 சதவிகிதம் கட்டி முடித்துக் கொள்ளலாம் என்று இதே தொகுப்பு வழி திறந்து வைத்திருக்கிறது. இந்த வழி இரு தரப்புக்கும் பொது என்பது சட்டம். 75,000 ரூபாயைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டக் கூடியவன் யார் என்பது வாழ்க்கை.

இன்ஸ்பெக்டர் 'உதவியாளர்' ஆனார்

பேக்டரி இன்ஸ்பெக்டருக்குப் புதிய பட்டம் சூட்டியிருக்கிறார்கள்: 'ஆய்வாளர் மற்றும் வசதி செய்து தருபவர்'. எந்த ஆலைக்கு எப்பொழுது போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும் முறைக்கு வழி செய்திருக்கிறார்கள். குற்றம் கண்டால் பல இனங்களில் உடனே வழக்குத் தொடரக் கூடாது. முதலில் அவகாசம் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும்.

இந்தியா 1949லேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 81வது உடன்படிக்கையில் ஒப்பமிட்டிருக்கிறது. ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல், இரவோ பகலோ எந்நேரமும் ஆலைக்குள் நுழையலாம் என்கிறது அந்த உடன்படிக்கை. உலகத்துக்குக் கொடுத்த வாக்கு அது. உள்ளூரில் நடப்பது இது.

'இன்ஸ்பெக்டர் ராஜ்யம்' என்று முதலாளிகள் சலித்துக் கொள்கிறார்கள். லஞ்சம் வாங்கும் இன்ஸ்பெக்டரை நாமும் எதிர்க்கிறோம். லஞ்சம் வாங்குபவனை உதைத்து வெளியேற்று. ஆய்வையே வெளியேற்றாதே என்கிறோம். ஆய்வு இல்லாத நாட்டில் என்ன நடக்கும் என்பதற்கு 2025ஆம் ஆண்டே சாட்சி. ஜூன் 30ஆம் தேதி தெலுங்கானாவின் பாசமைலாரத்தில் மருந்து மூலப்பொருள் ஆலை வெடித்து 40க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அவர்களில் பலர் வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மறுநாள் சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு ஆலை வெடித்தது, அங்கும் பிணங்கள். அந்த ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், நமது காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. மருந்தில் விஷ ரசாயனம் கலந்திருந்தது. பிறகுதான் அதிகாரிகள் ஆலைக்குள் போனார்கள். 300க்கும் மேற்பட்ட குறைபாடுகளைக் கண்டார்கள். குழந்தைகள் சாவதற்கு முன் அந்தக் குறைபாடுகள் யார் கண்ணிலும் படவில்லையா?

இந்த இடத்தில் இன்னொரு சட்டத்தையும் நினைவுபடுத்த வேண்டும். 2023ல் 'ஜன் விசுவாஸ்', அதாவது மக்கள் நம்பிக்கை என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. 42 சட்டங்களில் 183 ஷரத்துகளைத் திருத்தி, பல குற்றங்களுக்கான சிறைத் தண்டனையை நீக்கியோ, பணம் கட்டித் தீர்க்கும்படி செய்தோ முதலாளிகளுக்கு ஆறுதல் அளித்தது. தரமற்ற மருந்து தயாரிப்பது சம்பந்தப்பட்ட ஒரு ஷரத்தும் அப்படிப் பணம் கட்டித் தீர்க்கும் பட்டியலில் சேர்ந்தது. சாவு விளைவிக்கும் மருந்துக்குக் கடுந்தண்டனை இன்றும் உண்டு என்பது உண்மை. ஆனால் சாவுக்கு முன்னால் இருப்பது தரக்குறைவு. அங்கே கையைத் தளர்த்திவிட்டு, சாவு வந்த பின் கையை முறுக்குவதால் யாருக்கு லாபம்?

நூறு வருஷத்துக்கு முன்

இப்படியொரு பூட்டைத் தொழிலாளி வர்க்கம் முதல் தடவையாகப் பார்க்கவில்லை. 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அதில் திரண்டனர். 1920ல் ஆலை நிர்வாகமான பின்னி கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய், சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது தடை உத்தரவு வாங்கியது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்று அந்த வழக்கு நாட்டுக்குக் காட்டியது. மறு வருஷம் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார். போராட்டமும் வற்புறுத்தலும் தொடர்ந்தன. 1926ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. சங்க நடவடிக்கைக்காக ஊழியர் மீது சதி வழக்கும் நஷ்டஈட்டு வழக்கும் போடுவதிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது.

1929ல் வெள்ளைக்காரன் தொழில் தகராறு சட்டத்தைக் கொண்டு வந்தான். பொதுச் சேவைகளில் முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்கினான். அந்த மசோதாவையும் பொதுப் பாதுகாப்பு மசோதாவையும் எதிர்த்துத்தான் ஏப்ரல் 8ஆம் தேதி பகத்சிங்கும் பத்துகேஸ்வர் தத்தும் மத்திய சட்டசபையில் குண்டு வீசினர். அந்நிய சர்க்கார் பொதுச் சேவைகளோடு நிறுத்திக் கொண்ட விலங்கை, சுதந்திர இந்தியாவின் சர்க்கார் எல்லாத் தொழிலாளர் காலிலும் மாட்டியிருக்கிறது.

நன்மையே இல்லையா?

இருக்கிறது என்கிறார்கள் இவர்களது பிரசாரகர்கள். எல்லோருக்கும் நியமனக் கடிதம், குறித்த கால வேலைக்காரருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிடி, மோட்டார் சைக்கிளில் உணவும் சாமானும் சுமக்கும் தொழிலாளருக்குச் சமூகப் பாதுகாப்பு. இவை வந்தால் நல்லதுதான். நாம் கேட்டவைதாம் இவை. ஆனால் உள்ளே பார்க்க வேண்டும்.

ஒரு வருஷக் கிராஜுவிடி கொடுத்துவிட்டு, நிரந்தர வேலையையே எடுத்துவிடுகிறார்கள். எந்த வேலைக்கும் குறித்த காலத்துக்கு ஆள் வைக்கலாம். காலம் முடிந்தால் கணக்கும் முடிந்தது. அது ஆட்குறைப்பு ஆகாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று மாதத்தை எண்ணும் தொழிலாளி, யூனியன் ரசீதில் கையெழுத்துப் போட அஞ்சுவான். நோக்கமும் அதுதான்.

உணவு சுமக்கும் தொழிலாளர் விஷயத்தில், கம்பெனிகள் தங்கள் வருஷ வியாபாரத்தில் 1 முதல் 2 சதவிகிதம் நிதிக்குக் கட்ட வேண்டும். அதுவும் அந்தத் தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. சரி. அவர்கள் தொழிலாளர்கள் என்று சட்டம் ஒப்புக் கொண்டதா? இல்லை. குறைந்தபட்சக் கூலி இல்லை, வேலை நேர வரம்பு இல்லை. செல்போனில் ஒரு பொத்தானை அழுத்தி வேலையைப் பறித்தால், கேட்க நாதியில்லை.

குறைந்தபட்சக் கூலி பற்றியும் பெரிதாகப் பேசுகிறார்கள். 1957ல் கூடிய 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்தின் உணவு, துணி, வீட்டு வாடகை ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கூலி நிர்ணயிக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. 2019ல் மத்திய சர்க்கார் நியமித்த நிபுணர் குழுவே நாளொன்றுக்கு 375 ரூபாயைத் தேசிய அடிப்படைக் கூலியாகச் சிபாரிசு செய்தது. அந்த வருஷம் சர்க்கார் அறிவித்தது 178 ரூபாய்! முந்தைய தொகையைவிட இரண்டு ரூபாய் அதிகம். அந்த இந்தியத் தொழிலாளர் மாநாட்டையே 2015க்குப் பின், இந்தச் சட்டங்கள் அமலுக்கு வந்த நாள் வரை கூட்டவில்லை.

சிறு தொழில் பிழைக்கும் என்பது இன்னொரு வாதம். கோவைப் பட்டறைக்காரரையும் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரரையும் 2016ல் ஒடித்தது நோட்டுச் செல்லாத அறிவிப்பு. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட 50 சதவிகித வரி ஏற்றுமதியை உலுக்கியது. இவற்றில் எது தொழிலாளியின் வேலைநிறுத்தத்தால் வந்தது? சிறு தொழிலுக்கு வேண்டியது மலிவான கடனும், நிலையான மூலப்பொருள் விலையும், பெரிய கம்பெனிகள் காலத்தில் பாக்கியைப் பட்டுவாடா செய்வதும். 2019ல் பெரிய கம்பெனிகளின் வருமான வரி 30 சதவிகிதத்திலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டதே, அந்தத் தாராளம் இவர்கள் பக்கம் ஏன் திரும்பவில்லை? சிறு முதலாளியை முன்னால் நிறுத்திக் காட்டி, பின்னால் ஏகபோக முதலாளி சலுகையை வாங்கிக் கொள்கிறான்.

போராடினால் முடியும்

சட்டம் வந்துவிட்டது, இனி என்ன செய்ய முடியும் என்று சோர்வு கொள்ள நமக்கு உரிமையில்லை. தமிழ்நாட்டின் அனுபவமே போதும். 2023 ஏப்ரல் 21ல் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. எல்லாத் தொழிற்சங்கங்களும் ஒரே குரலில் எழுந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் கர்நாடகத்தில் 12 மணி நேரத்துக்கு வழிவிடும் திருத்தம் சட்டமாகி நின்றது. 2025ல் குஜராத்தும் அவசரச் சட்டத்தின் மூலம் அந்த வழியில் போனது. தமிழ்நாட்டில் மசோதாவை வாபஸ் வாங்க வைத்தது தொழிலாளரின் ஒற்றுமை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தைப் பதிவு செய்வதற்கே ஹைகோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. கம்பெனியின் பெயரைச் சங்கத்தின் பெயரில் வைக்கக் கூடாது என்று நிர்வாகம் வாதாடியது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. 1926ல் பெற்ற உரிமையை 2025லும் போராடித்தான் கையில் வாங்க வேண்டியிருந்தது என்பது ஒரு பாடம். போராடினால் வாங்க முடியும் என்பது இரண்டாவது பாடம்.

2025 ஜூலை 9ல் மத்தியத் தொழிற்சங்கங்கள் நடத்திய பொது வேலைநிறுத்தமும், சட்டங்கள் அமலான அதே வாரத்தில் நவம்பர் 26ல் தொழிலாளரும் விவசாயிகளும் சேர்ந்து நடத்திய கண்டன இயக்கமும் பாதையைக் காட்டியிருக்கின்றன. 2021ல் மூன்று வேளாண் சட்டங்களை விவசாயிகள் வாபஸ் வாங்க வைத்ததை நாடு மறக்கவில்லை.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. நான்கு தொகுப்புகளையும் வாபஸ் வாங்கு. இந்தியத் தொழிலாளர் மாநாட்டைக் கூட்டி, தொழிற்சங்கங்களோடு பேசிப் புதிய சட்டம் செய். தொழிலாளர் விஷயம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மாநில சர்க்கார்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 300 என்ற எண்ணை உயர்த்தக் கூடாது. புதிய ஆலை என்று விலக்குத் தரக் கூடாது. முன்னறிவிப்பற்ற ஆய்வை நிறுத்தக் கூடாது. டெல்லியைக் குறை சொல்லிக் கொண்டே டெல்லியின் வழியில் நடக்கும் எந்த மாநில சர்க்காரையும் தொழிலாளி வர்க்கம் கணக்கில் எழுதிக் கொள்ளும்.

யூனியன் ஊழியர்களுக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. ஆலை வாசலில் நிரந்தரத் தொழிலாளரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பும் காலம் போய்விட்டது. காண்டிராக்டில் வருபவர், குறித்த காலத்துக்கு வந்தவர், ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர், தெருவில் உணவுப் பை சுமந்து ஓடுபவர் ஆகிய எல்லோரிடமும் போக வேண்டும். நோட்டீசைத் தமிழில் அச்சடித்தால் போதாது. இந்தியிலும் ஒரியாவிலும் அச்சடிக்க வேண்டும். சட்டத்தின் ஷரத்துகளை ஒவ்வொரு ஆலை வாயிலிலும் படித்து விளக்க வேண்டும். தனித்தனியாக நின்றால் 14 நாள் நோட்டீஸ் பெரிய மலை. லட்சக்கணக்கானவர் ஒன்றாக நின்றால் அது வெறும் காகிதம்.

எளிமை நமக்கும் வேண்டும். எட்டு மணி நேர வேலை, வயிறாரச் சாப்பிடக் கூலி, உயிரோடு வீடு திரும்பும் உத்தரவாதம், சங்கம் வைக்க உரிமை. இதைவிட எளிமையான கோரிக்கைகள் உலகத்தில் உண்டா? இந்த எளிமைக்காக ஆலைதோறும் அணி திரள்வோம்!